பக்க எண் ஏன் சொன்னபடி கேட்பதில்லை? ஆவணத்தில் ஸ்டைலும் செக்‌ஷனும் செய்யும் வேலை

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்துவிட்டால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணிப் பகுதி டிடிபி கடைகளில் ஒரே மாதிரியான குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். பொருளடக்கத்தில் மூன்றாம் இயல் 74ஆம் பக்கம் என்றிருக்கும். உள்ளே புரட்டினால் அது 77இல் தொடங்கும். முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண்களும் முதல் இயலிலிருந்து 1, 2, 3 என்ற எண்களும் வேண்டும் என்று விதி இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் கூடவே மாறிவிடும். அகலமான ஓர் அட்டவணைக்காக ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்பினால், ஆய்வேடு முழுவதும் படுத்துக்கொள்ளும்.

இவற்றை மென்பொருளின் கோளாறு என்றோ தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவு என்றோ சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் இந்தக் குறைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றுதான்: ஆவணத்தின் வடிவமைப்புத் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பது பயனருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அது தெரிந்துவிட்டால் ஸ்டைல், செக்‌ஷன் என்ற இரு வசதிகளும் எதற்காக இருக்கின்றன என்பது தானே விளங்கிவிடும். இக்கட்டுரை மைக்ரோசாஃப்ட் வேர்டை அடிப்படையாகக் கொண்டு அதை விளக்குகிறது. அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரேஆபீஸ் ரைட்டர் வேறுபடும் இடம் தனியே சொல்லப்படுகிறது.

வடிவமைப்பின் மூன்று அடுக்குகள்

வேர்டு ஆவணத்தைப் பக்கங்களின் தொகுப்பாகப் பார்ப்பதுதான் முதல் தடுமாற்றம். வேர்டின் கோப்பில் பக்கம் என்ற பொருள் கிடையாது. எழுத்துரு, அளவு, தாள், இடைவெளி ஆகியவற்றைக் கணக்கிட்டு, திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் பக்கங்களைப் புதிதாக வெட்டுகிறது. கோப்பில் நிலையாக இருப்பவை மூன்று அடுக்குகளே.

1. எழுத்து. தடிப்பு, சாய்வு, எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவை இந்த அடுக்கைச் சேர்ந்தவை.

2. பத்தி. வரி இடைவெளி, முதல் வரி உள்தள்ளல், இருபுறச் சீரமைப்பு, பத்திக்கு முன்னும் பின்னும் விடும் இடம் ஆகியவை இங்கே வரும். என்டர் தட்டும்போதெல்லாம் ஒரு பத்தி முடிகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தெரியும் ¶ குறி அந்த முடிவைக் காட்டுகிறது; பத்தியின் வடிவமைப்புத் தகவல் முழுவதும் அந்தக் குறியில்தான் தங்கியிருக்கிறது.

3. செக்‌ஷன். தாளின் அளவு, நெடுக்கா படுக்கையா என்பது, மார்ஜின், பக்கத்தின் தலையில் வரும் ஹெடர், அடியில் வரும் ஃபுட்டர், பக்க எண்ணின் வடிவமும் தொடக்கமும், செய்தித்தாளில் போல உரை ஓடும் நிரல்களின் எண்ணிக்கை ஆகியவை செக்‌ஷனுக்கு உரியவை. புதிதாகத் திறக்கும் ஆவணம் முழுவதும் ஒரே செக்‌ஷன்.

படுக்கைவாட்டுப் பக்கச் சிக்கலுக்கு விடை மூன்றாவது அடுக்கிலேயே இருக்கிறது. தாளின் திசை பக்கத்துக்கு உரிய பண்பாக இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பலாம். அது செக்‌ஷனின் பண்பு. ஆவணத்தில் இருப்பதோ ஒரே செக்‌ஷன். ஆகவே எல்லாம் திரும்புகிறது.

ஸ்டைல் என்பது பெயரிடப்பட்ட வடிவமைப்பு

ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அளவை 16 ஆக்கி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தி, மேலே இரண்டு என்டர் தட்டுவது நேரடி வடிவமைப்பு. கண்ணுக்கு அது தலைப்பு; மென்பொருளுக்கு அது சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும் இன்னொரு பத்தி மட்டுமே. அதே பத்திக்கு ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுத்தால், அது தலைப்பு என்ற செய்தி கோப்பில் பதிவாகிறது; 16, தடிப்பு, நடு என்ற தோற்ற விவரங்கள் ஸ்டைலின் வரையறையில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

2007 முதல் வேர்டின் இயல்பான கோப்பு வடிவமாக இருக்கும் டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொதி, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய மூட்டை. பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால் உரை ஒரு கோப்பிலும் ஸ்டைல்களின் வரையறைகள் வேறொரு கோப்பிலும் தனித்தனியே கிடப்பதைக் காணலாம். உரைக் கோப்பில் உள்ள பத்தி, ‘என் ஸ்டைல் இன்னது’ என்று பெயரை மட்டும் சொல்கிறது. நாற்பது துணைத்தலைப்புகளின் அளவை 14இலிருந்து 13 ஆக்க வேண்டுமானால், ஸ்டைலின் வரையறையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். நேரடி வடிவமைப்பில் நாற்பது இடங்களைத் தேடிப் போக வேண்டும். அவற்றில் இரண்டு விட்டுப்போகும். விட்டுப்போனவை நெறியாளரின் கண்ணில்தான் முதலில் படும்.

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கும் இந்த எண்ணம் வேர்டுக்கே உரியதன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் 1980இல் தம் ஆய்வுப் பணியாக உருவாக்கிய ஸ்கிரைப் என்ற மென்பொருள் இதை முறையாகச் செய்துகாட்டியது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்க 1996இல் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ் மொழி நிற்பதும் இதே அடித்தளத்தில்தான்.

ஸ்டைலில் மூன்று நுணுக்கங்களை அறிந்திருப்பது அவசியம்.

1. மரபு. ஒரு ஸ்டைல் இன்னொன்றை அடிப்படையாகக் கொள்ளலாம். வேர்டில் பெரும்பாலான ஸ்டைல்கள் ‘நார்மல்’ என்பதிலிருந்து பிறப்பவை. எனவே நார்மலின் எழுத்துருவை மாற்றினால், தமக்கெனத் தனி எழுத்துரு குறிக்காத ஸ்டைல்கள் அனைத்தும் மாறும். இந்தக் காரணத்தால் ஆய்வேட்டின் உடற்பகுதியை நார்மலிலேயே எழுதாமல், அதிலிருந்து ‘உரைப்பத்தி’ என்று தனி ஸ்டைல் உருவாக்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் உரைக்கு முதல் வரி உள்தள்ளல் கொடுக்கும்போது அட்டவணைக் கட்டங்களுக்குள் இருக்கும் எண்களும் உள்ளே தள்ளப்படும்.

2. அடுத்து வரும் ஸ்டைல். தலைப்பை முடித்து என்டர் தட்டியதும் என்ன ஸ்டைல் வர வேண்டும் என்பதையும் வரையறையிலேயே குறிக்கலாம். மேற்கோள் பாடல், அதன் கீழ் நூற்பெயர், பிறகு உரை என்று வரிசை மாறாமல் வரும் தமிழிலக்கிய ஆய்வேடுகளில் இது தட்டச்சு வேலையைக் கணிசமாகக் குறைக்கும்.

3. பக்கம் வெட்டும் விதிகள். ‘கீப் வித் நெக்ஸ்ட்’ என்ற தேர்வு தலைப்பை அடுத்த பத்தியோடு பிணைத்துவிடுவதால், பக்கத்தின் அடியில் தலைப்பு மட்டும் தனித்து நிற்காது. ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்ற தேர்வை இயல் தலைப்பின் ஸ்டைலில் கொடுத்துவிட்டால் ஒவ்வோர் இயலும் தானே புதுப்பக்கத்தில் தொடங்கும். தலைப்பைக் கீழே இறக்க என்டர்களை அடுக்கும் பழக்கத்துக்கு இதற்குப் பிறகு தேவையே இல்லை. அந்த வெற்றுப் பத்திகள்தாம், முன் இயலில் ஒரு வரி கூடியதும், அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காருகின்றன.

ஹெடிங் ஸ்டைல் தரும் துணைப் பயன்கள்

தலைப்புகளுக்குச் சொந்தமாகப் பெயரிட்ட ஸ்டைல்களைவிட, உள்ளிணைந்த ஹெடிங் 1, ஹெடிங் 2, ஹெடிங் 3 ஆகியவற்றையே எடுத்துத் தோற்றத்தை மட்டும் நமக்கேற்ப மாற்றிக்கொள்வது சிறந்தது. மென்பொருளின் பிற வசதிகள் இந்தப் பெயர்களையே எதிர்பார்க்கின்றன. கன்ட்ரோல், ஆல்ட், 1 என்று அழுத்தினால் ஹெடிங் 1 வரும்; 2, 3 அடுத்தடுத்த நிலைகளுக்கு.

பொருளடக்கம் இவற்றிலிருந்து தானாக உருவாகிறது. ஆனால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள், அது நடப்பதில்லை. பொருளடக்கம் ஒரு ஃபீல்டு, அதாவது கடைசியாகக் கணக்கிட்டபோது கிடைத்த விடையைக் காட்டி நிற்கும் இடம். அதன்மேல் கர்சரை வைத்து எஃப்9 அழுத்தினால்தான் மறுபடி கணக்கிடும். 74, 77 குழப்பத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்று: பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்திருப்பார்கள், அல்லது எஃப்9ஐ மறந்திருப்பார்கள்.

இயல் எண்ணும் (1, 1.1, 1.1.1) கையால் இடத் தேவையில்லை. பலநிலைப் பட்டியலை ஹெடிங் ஸ்டைல்களோடு இணைத்துவிட்டால், இரண்டாம் இயலை நீக்கும்போது மற்றவை வரிசையைத் திருத்திக்கொள்ளும். பிடிஎஃப் எடுக்கும்போது ஹெடிங்குகளைப் புக்மார்க்குகளாகவும் மாற்றலாம்.

பார்வைத்திறன் குறைந்த வாசகருக்கு இதன் பயன் இன்னும் நேரடியானது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் ஹெடிங் ஸ்டைலைக் கொண்டே ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகின்றன. தடிப்பாக்கிய வெறும் பத்திகளால் ஆன 200 பக்க ஆவணத்தில் தாவ இடமே இராது. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். அரசாணைகளும் பாடநூல் வரைவுகளும் இந்நிலையில் சுற்றுக்கு வருவது, செலவே இல்லாமல் தவிர்க்கக்கூடிய ஒரு புறக்கணிப்பு.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. ஆனால் சென்னையில் ஸ்டைலைப் பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்டவர்களில் பலர் இடறியது இங்கேதான்.

முதலாவது, ஒரே ஸ்டைலுக்குள் இரண்டு எழுத்துருக்கள். வேர்டு, தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வகையில் வைக்கிறது. லத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், இந்த வகைக்கு வேறோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. ஸ்டைலைத் திருத்தும்போது லத்தீன் பக்கத்தில் மட்டும் 12 என்று கொடுத்துவிட்டு வந்தால், ஆங்கிலச் சொற்கள் மாறும். தமிழ் அப்படியே நிற்கும். ‘ஸ்டைல் வேலை செய்யவில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவது அப்போதுதான். எடிட்டிங் மொழிகளில் தமிழைச் சேர்த்துவிட்டு, ஃபாண்ட் பெட்டியில் இரண்டு பகுதிகளையும் நிரப்ப வேண்டும். லதா, விஜயா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தோடு ஒப்பிடுகையில் ஒரே அளவிலும் வெவ்வேறு பருமனாகத் தெரிவதால், இரண்டு அளவுகளையும் தனித்தனியே தேர்ந்துகொள்ள முடிவது தமிழருக்கு ஒரு வசதியும் ஆகும்.

இரண்டாவது, வரி இடைவெளி. ‘எக்ஸாக்ட்லி’ என்று குறித்து 14 புள்ளி, 15 புள்ளி என்று இறுக்கமாகக் கொடுத்தால், மேலே கொம்பு நீளும் ‘கீ’, கீழே சுழி இறங்கும் ‘நூ’, ‘ஞூ’ போன்ற எழுத்துகளின் தலையோ காலோ வெட்டப்படும். 1.5 என்ற மடங்கு இடைவெளியோ ‘அட் லீஸ்ட்’ என்பதோ பாதுகாப்பானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபுறச் சீரமைப்பில் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழுவதும் உண்டு. எந்தச் சீரமைப்பு கண்ணுக்கு ஏற்றது என்பதை உரைப்பத்தியின் ஸ்டைலில் ஒரே சொடுக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

மூன்றாவதே கடுமையானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் குடியிருக்கின்றன. எழுத்துருவை மாற்றினால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதறும். அப்படிப்பட்ட கோப்பில் எழுத்துரு என்பது தோற்றம் மட்டுமன்று. அதுவே பொருளையும் சுமக்கிறது. தோற்றத்தைப் பிரித்தெடுப்பதே ஸ்டைலின் அடிப்படை என்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பாமினித் தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்தியில் நார்மலின் எழுத்துருவைத் தொட்டாலே ஒரு மொழி அழிந்துவிடும். கோப்பை முதலில், எழுத்துருவைச் சாராமல் எழுத்துகளுக்குத் தனி எண் தரும் யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே ஸ்டைல் வேலையைத் தொடங்க வேண்டும். யூனிகோடில் தமிழ் 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழக்கத்தின் பிடியால் பாமினி இன்னும் சில கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செக்‌ஷன் பிரேக்கும் அதன் தலைகீழ்த் தன்மையும்

ஒரு செக்‌ஷனை முடித்து அடுத்ததைத் தொடங்கும் குறியே செக்‌ஷன் பிரேக். அதை லேஅவுட் பட்டியில் உள்ள ‘பிரேக்ஸ்’ மெனுவில் காணலாம். சாதாரண பேஜ் பிரேக் உரையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவதோடு சரி. செக்‌ஷன் பிரேக்கோ பக்க அமைப்பின் விதிகளையே மாற்ற இடம் கொடுக்கிறது. அதன் நான்கு வகைகளில் ‘நெக்ஸ்ட் பேஜ்’ மிகுதியாகப் பயன்படும். ‘கன்டினியூஅஸ்’ ஒரே பக்கத்துக்குள் நிரல்களின் எண்ணிக்கையை மாற்ற உதவும். மற்ற இரண்டும் அடுத்த பகுதி இரட்டைப்படைப் பக்கத்திலோ ஒற்றைப்படைப் பக்கத்திலோ தொடங்க வேண்டியபோது தேவைப்படும்.

செக்‌ஷனின் விதிகள் அதன் முடிவில் எழுதப்படுகின்றன. தமிழ் வாக்கியத்தில் உடன்பாடா எதிர்மறையா என்பதை இறுதியில் நிற்கும் வினைமுற்று தீர்மானிப்பதுபோல, முன்னே உள்ள பக்கங்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதைப் பின்னே வரும் பிரேக் தீர்மானிக்கிறது. கடைசிச் செக்‌ஷனின் விதிகள் மட்டும் ஆவணத்தின் முடிவில் இருக்கும்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு பிறக்கிறது. ஐந்தாம் இயலுக்குப் பின் படுக்கைவாட்டில் ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவிலுள்ள செக்‌ஷன் பிரேக்கை அழித்தால், பிற்சேர்க்கை நிமிர்ந்து நிற்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு: இயல்கள் படுத்துவிடும். அவற்றின் விதிகள் அந்தப் பிரேக்கில் இருந்தன. அது போனதும் அவை பின்னுள்ள செக்‌ஷனில் சேர்ந்து அதன் விதிகளை ஏற்றுக்கொள்கின்றன. பிரேக்கை நீக்கியே ஆக வேண்டுமானால், பின்னுள்ள செக்‌ஷனின் தாள் திசை, மார்ஜின், ஹெடர் ஆகியவற்றை முன்னுள்ளதைப் போலவே ஆக்கிவிட்டு அதன்பின் நீக்க வேண்டும்.

ஆய்வேட்டின் பக்க எண்: படிப்படியாக

அட்டை, சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம், இயல்கள், நடுவே ஓர் அகன்ற அட்டவணை என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம்.

1. அட்டையின் முடிவில் ஒரு ‘நெக்ஸ்ட் பேஜ்’ செக்‌ஷன் பிரேக். பொருளடக்கத்தின் முடிவில் இன்னொன்று. இப்போது செக்‌ஷன்கள் மூன்று: அட்டை, முன்பக்கங்கள், இயல்கள்.

2. இரண்டாம் செக்‌ஷனின் ஃபுட்டரில் இரட்டைச் சொடுக்கித் திறந்து, ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை அணைக்க வேண்டும். ஒவ்வொரு ஃபுட்டரும் தனக்கு முந்தைய செக்‌ஷனின் ஃபுட்டரையே காட்டும்படி இயல்பாகப் பிணைக்கப்பட்டிருக்கும். இந்தப் பிணைப்பை அறுத்தால்தான் அட்டையில் எண் இல்லாமலும் முன்பக்கங்களில் எண்ணோடும் அமைக்க முடியும்.

3. முன்பக்கங்களின் ஃபுட்டரில் பக்க எண்ணைச் செருகி, ‘ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்’ பெட்டியில் சிறிய ரோமன் வடிவத்தைத் தேர்ந்து, ‘ஸ்டார்ட் அட்’ என்ற இடத்தில் விதி கேட்கும் எண்ணைக் குறிக்க வேண்டும்.

4. மூன்றாம் செக்‌ஷனுக்குள் சென்று அதே பெட்டியில் 1, 2, 3 வடிவத்தைத் தேர்ந்து, தொடக்கத்தை 1 என்று குறிக்க வேண்டும்.

நான்காவது படியில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ பற்றிய பேச்சு இல்லாததைக் கவனிக்கலாம். அந்தப் பிணைப்பு ஹெடர், ஃபுட்டரில் எழுதப்பட்ட உள்ளடக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எண்ணின் வடிவமும் தொடக்கமும் செக்‌ஷனின் சொந்தப் பண்புகள். பிணைப்பு இருந்தாலும் அறுந்தாலும் அவை தனித்தே நிற்கும். இரண்டு செக்‌ஷன்களிலும் ‘நடுவில் பக்க எண்’ என்பதே ஃபுட்டர் என்றால் அதே ஃபுட்டர் ஒன்றில் ரோமன் எண்ணையும் மற்றொன்றில் சாதாரண எண்ணையும் காட்டும். இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துப் பிணைப்பை மாறி மாறித் தட்டிக்கொண்டிருப்பதில்தான் கடைகளில் அரை நாள் போகிறது.

அகன்ற அட்டவணைக்கு, அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு பிரேக்குகள் வேண்டும். நடுவில் சிக்கிய செக்‌ஷனை மட்டும் திருப்ப வேண்டும். அதன் பின்வரும் செக்‌ஷனில் எண் ‘முந்தையதிலிருந்து தொடர்க’ என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது. ‘ஸ்டார்ட் அட் 1’ என்ற விதி அங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டு, 92ஆம் பக்கத்துக்குப் பின் மறுபடி 1 வருவது உண்டு.

ஒவ்வோர் இயலின் பெயரும் அதன் பக்கங்களின் தலையில் வர வேண்டும் என்பதற்காக, இயலுக்கொரு செக்‌ஷன் போடுவது பரவலான வழக்கம். அது வீண் சுமை. ஹெடரில் ‘ஸ்டைல்ரெஃப்’ என்ற ஃபீல்டைச் செருகி அதற்கு ஹெடிங் 1 என்று காட்டிவிட்டால், அந்தந்தப் பக்கத்துக்குரிய இயலின் பெயரை அதுவே எடுத்துக் காட்டும். செக்‌ஷன்களின் எண்ணிக்கை குறையக் குறையப் பிழைகளும் குறையும் என்பதால், பக்க அமைப்போ பக்க எண்ணோ உண்மையில் மாறும் இடங்களில் மட்டும் அவற்றைப் போடுவதே சரி.

லிப்ரேஆபீஸில் வேறு வழி

ரைட்டரில் வேர்டின் செக்‌ஷன் செய்யும் வேலையைப் பேஜ் ஸ்டைல் செய்கிறது. அங்கே ‘செக்‌ஷன்’ என்ற பெயரில் இருப்பது நிரல் அமைப்புக்கும் பகுதிகளைப் பூட்டுவதற்கும் ஆன வேறு வசதி. எஃப்11 அழுத்தினால் வரும் பட்டியலில் பத்திக்கும் எழுத்துக்கும் இருப்பதுபோலப் பக்கத்துக்கும் ஸ்டைல்கள் இருக்கும். அட்டை, முன்பக்கம், இயல், படுக்கை என்று நான்கை உருவாக்கி, மேனுவல் பிரேக் செருகும்போது அடுத்த பக்கத்தின் ஸ்டைலையும் தொடக்க எண்ணையும் சொல்லிவிடலாம். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்ற குழப்பம் இதில் குறைவு. கருத்தளவில் வேர்டைவிட இதுவே தெளிவான ஏற்பாடு. ஒன்றை மட்டும் அறிந்திருக்க வேண்டும்: ஒற்றைப்படை எண் வலப்பக்கத்தில்தான் வரும் என்று ரைட்டர் கருதுவதால், எண்ணை 1இலிருந்து மீண்டும் தொடங்கும்போது இடையில் ஒரு வெற்றுப்பக்கத்தைத் தானே சேர்க்கக்கூடும். அதை அச்சிட வேண்டாம் என்று சொல்லும் தேர்வு அச்சு அமைப்புகளில் உண்டு.

தட்டச்சு முடிந்துவிட்ட கோப்பைச் சீர்செய்தல்

பெரும்பாலோர் கையில் இருப்பது ஏற்கெனவே என்டர்களால் நிரம்பிய கோப்பு. அதைத் திருத்தும்போது வரிசை முக்கியம்.

1. நகல் எடுத்துக்கொண்டு, எழுத்துக் குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

2. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுக்க வேண்டும். ஹோம் பட்டியின் ‘செலக்ட்’ மெனுவில், ஒரே தோற்றமுடைய பகுதிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நேரடி வடிவமைப்பு ஓரளவு ஒழுங்காக இருந்தால் இதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

3. உரைக்கு உரைப்பத்தி ஸ்டைலைக் கொடுத்து, மிஞ்சிய நேரடி வடிவமைப்பைக் கன்ட்ரோல், க்யூ மூலம் நீக்க வேண்டும். எழுத்தளவிலான வடிவமைப்பை நீக்கக் கன்ட்ரோலும் ஸ்பேஸ் பாரும். ஆனால் அது தேவையான தடிப்பையும் அழித்துவிடும் என்பதால் ஆவணம் முழுவதையும் தேர்ந்து அழுத்தக் கூடாது.

4. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வழியாக இரட்டைப் பத்திக் குறிகளை ஒற்றையாக்கி வெற்றுப் பத்திகளை அகற்ற வேண்டும்.

5. செக்‌ஷன் பிரேக்குகளைக் கடைசியில் போட வேண்டும். இடையில் போட்டால், மேற்கண்ட சுத்தம் செய்யும் பணியில் அவற்றில் ஒன்று அழிந்து, அதன் முன்னுள்ள பக்கங்களின் அமைப்பும் கூடவே போகும்.

ஸ்டைலைத் திருத்தும் பெட்டியில் ‘ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்’ என்ற தேர்வு இருக்கும். அதை அணைத்தே வைக்க வேண்டும். அது இயங்கினால், ஒரு பத்தியை நடுவில் நிறுத்தும்போது அந்த ஸ்டைல் கொண்ட எல்லாப் பத்திகளும் நடுவுக்குப் போய்விடும். பிற இடங்களிலிருந்து ஒட்டும் பகுதிகளை ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ முறையில் ஒட்டினால் அயல் ஸ்டைல்கள் உள்ளே நுழையா.

வீட்டுக் கணினியில் சரியாக இருந்த கோப்பு கடைக் கணினியில் இரண்டு பக்கம் கூடிவிடுவதற்கும் காரணம் முதலில் சொன்னதே: பக்கங்கள் திறக்கும்போதெல்லாம் புதிதாக வெட்டப்படுகின்றன, அங்கே அதே எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று அதன் இடத்தைப் பிடித்து வரிகளின் நீளத்தை மாற்றிவிடும். எனவே எந்தக் கணினியில் எழுத்துருக்கள் சரியாக இருக்கின்றனவோ அதிலேயே கோப்பு முழுவதையும் தேர்ந்து எஃப்9 அழுத்தி, பொருளடக்கத்தை ஒருமுறை ஒத்துப் பார்த்து, அங்கேயே பிடிஎஃப் எடுத்துவிட வேண்டும். பென் டிரைவில் கடைக்குப் போக வேண்டியது அந்தப் பிடிஎஃப் மட்டுமே.